கட்டுப் போட்ட கட்டைவிரல்

விசாலத்தின் வலது தோள்பட்டையில் குடியேறிய வலி, பொங்கலுக்கு அப்புறம் முழங்கை வரைக்கும் இறங்கிவிட்டது. கிரைண்டரிலிருந்து கல்லைத் தூக்கினால் ஒரு சுரீர். மாவை வழித்துக் குண்டானில் போட்டுத் தூக்கினால் இன்னொரு சுரீர். புனேக் குளிரில் மாவு லேசில் பொங்காது. குண்டானுக்குக் கோணிப்பை சுற்றி, அதன்மேல் பழைய கம்பளியைப் போர்த்தி, பிள்ளைத்தாச்சியை உட்கார வைப்பதுபோல ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். இருந்த ஒரு கம்பளியும் மாவுக்குப் போய்விட்டால் தோளுக்குப் போர்த்த என்ன இருக்கும்? வலித்துக்கொண்டு கிட என்று விட்டுவிடுவாள்.

ஏரவாடாவில் ஜெயில் மதிலுக்குப் பின்னால் இருந்த அந்தக் குடியிருப்பில் பாதிக்குப் பாதி வட ஆற்காட்டுச் சனம். ஆம்பளைகள் கட்டட வேலைக்கும் மூட்டை தூக்கவும் போனார்கள். பெண்கள் இட்லி அவித்தார்கள், பூண்டு உரித்தார்கள், வீட்டு வேலைக்குப் போனார்கள். விசாலம் காலையில் தள்ளுவண்டியோடு போய், கம்ப்யூட்டர் ஆபீஸ் வாசலில் கோயம்புத்தூர் பையன்கள் "ஆன்ட்டி, சட்னி இன்னும் கொஞ்சம்" என்று கேட்கக் கேட்க ஊற்றிக்கொண்டு நின்றுவிட்டு, பத்து மணிக்கு மேல் வீடு திரும்பித் தோளுக்குத் தைலம் தேய்ப்பாள். அப்படித் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஜொஹ்ரா வந்து நின்றாள்.

மூன்று சந்து தள்ளித்தான் ஜொஹ்ராவின் வீடு. ஆனால் அவள் புருசன் காசிம் ஜெயிலுக்குப் போன நாளிலிருந்து அவள் இந்த வாசலில் கால் வைத்ததில்லை. குழாயடியில் எதிரே வந்தால்கூட இருவரும் குடத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

"உள்ள வரலாமாக்கா?"

"வந்துட்டு கேக்கற."

ஜொஹ்ரா நிலைப்படி ஓரமாகவே உட்கார்ந்தாள். தலைத் துணியைச் சரிசெய்தாள். தைல வாசனைக்கு ஒரு தரம் தும்மினாள்.

"ஃபரீனுக்கு ஒரு எடம் வந்துருக்கு. பிம்ப்ரில. பேர்ணாம்பட்டு ஆளுங்கதான். பையன் ஏசி மெக்கானிக்கு. பொண்ணு புடிச்சிருக்கு. பொண்ணோட அப்பனதான் புடிக்கல."

விசாலம் தைல பாட்டிலை மூடினாள்.

"ஆள அடிச்சிட்டு உள்ள போனவன் வூடுன்னு எவனோ போட்டுக் குடுத்துட்டான். மாப்பிள்ளையோட அப்பாரு நிதானமான மனுசன். செத்தவரு பொண்டாட்டியே வந்து சொல்லட்டும், நான் என் காதால கேட்டுக்கறேன்றாரு. ஞாயித்துக்கெழம வர்றாங்க."

"நான் இன்னாத்த சொல்றது?"

"பாத்தத சொல்லு."

"பாத்ததத்தான் கோர்ட்ல சொன்னேன். அத்தையே திரும்பிச் சொன்னா உம் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுமா?"

ஜொஹ்ரா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பல்லைத் தவிர ஒன்றுமில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்லிகீற. எங்கிட்ட ஒருவாட்டி சொன்னதில்ல. இப்ப சொல்லு. கேட்டுட்டுப் போறேன்."

விசாலத்துக்கு அதைச் சொல்வது மாவில் கை விடுவதுபோலப் பழகிப்போன காரியம். எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் எல்லாம் வாய்க்கே தெரியும்.

"பொழுது விடியல. ஒரே பனி. அவுரு வண்டியத் தள்ளினு முன்னால போறாரு. நான் சட்னித் தூக்க எடுத்துகினு பின்னால போறேன். வேகமா வாடி, சூடு ஆறுதுன்னு திரும்பிச் சொன்னாரு. அதான் கடசி. பாலத்து எறக்கத்துல டெம்போ வந்துது. ஒரே அடி. வண்டி ஒரு பக்கம், இட்லி ஒரு பக்கம். டெம்போக்காரன் தலய நீட்டிப் பாத்தான். நானும் மொகத்த பாத்தேன். ஸ்டேரிங்கு மேல வச்சிருந்த கையில, கட்டவெரலுக்கு மஞ்ச வச்சிக் கட்டின துணி. குப்புனு வெங்காய வாசன. இன்னிக்கும் மூக்குல கீது."

"மஞ்சள் நான் அரைச்சதுதான்" என்றாள் ஜொஹ்ரா. "சாக்குத் தைக்கற ஊசி ஏறிடுச்சி. முந்தின நாள் கட்டி விட்டேன்."

"அப்போ சரியாத்தான சொல்றேன்."

"சரிதான். கட்டும் சரி, வெங்காயமும் சரி. எங்க வண்டி வெங்காயம் ஏத்தற வண்டிதான். ஆனா நீ பின்னால தூக்க எடுத்துகினு வர்ற. இருட்டு, பனி. ஓடற வண்டி. உள்ள ஸ்டேரிங்கு மேல இருக்கற வெரல்ல கட்டினது மஞ்சத் துணின்னு தெரிஞ்சுதா? சரி, தெரிஞ்சுதுன்னே வையி. அந்தக் கையோட வாசன எப்டிக்கா உன் மூக்குக்கு வந்துது? மொகத்துகிட்ட கை வராம வாசன வருமா?"

விசாலம் வாயைத் திறந்தாள். எப்போதும் அங்கே தயாராக நிற்கும் வார்த்தை நிற்கவில்லை.

"கோர்ட்ல எங்க பக்கத்து வக்கீலு இத்தக் கேக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஜொஹ்ரா எழுந்தாள். "ரத்தம் எங்க வண்டில இருந்துது. அடிச்சவனே தூக்கினு போயி நல்லவன் வேசம் போட்டான்னாங்க. முடிஞ்சுது. நான் சண்டைக்கு வர்லக்கா. ஞாயித்துக்கெழம வா."

அவள் போன பிறகு விசாலம் அரிசி களையப் போனாள். கழுநீரில் கையை விட்டு அலசும்போது கை அப்படியே நின்றது. அந்த மஞ்சள் துணி ஸ்டீயரிங் மேல் இல்லை. அவள் புருசன் முனிரத்தினத்தின் பின்னந்தலைக்கு அடியில் இருந்தது. அவள் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில். துணி மஞ்சளிலிருந்து சிவப்பாகிக்கொண்டு வந்தது. கூடவே ஒரு குரலும் வந்தது: "தலய மடியில வச்சிக்கக்கா. ஆடாம புடி. நான் ஓட்டறேன்."

அந்தக் குரல் அவளுக்குப் புதிதல்ல. ஊர் பேர் இல்லாமல் பல வருசமாக அவளுக்குள் கிடந்ததுதான். கோர்ட்டில் என்ன சொன்னாலும், அது யாரோ ஒரு புண்ணியவான் என்றே நினைத்திருந்தாள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பது அப்படித்தான் அவளிடம் துண்டு துண்டாகக் கிடந்திருக்க வேண்டும். அதைக் கோத்தது அவள் மட்டுமல்ல. சாவு விழுந்த வீட்டில் கோப்பதற்கு ஆளா பஞ்சம்? முனிரத்தினத்தை எடுத்த பிறகு தேஹு ரோட்டிலிருந்து ஒரு கூட்டம் வந்தது, பிம்ப்ரியிலிருந்து ஒன்று, ஊரிலிருந்து ரயிலேறி ஒன்று. வருகிற பெண்கள் வாசலிலேயே அழுகையை எடுப்பார்கள். கட்டிப் பிடித்து அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "எப்டிம்மா ஆச்சு?" என்பார்கள். தாலியறுத்தவள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பாதியில் விட்டால், நேற்று வந்தவளுக்கு முழுசாகச் சொன்னாயே, நான் என்ன இளப்பமா என்று மனசு கோணும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்கும் முனிரத்தினம் முதலிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் டெம்போ வந்தது. கேட்டவர்களும் சும்மா கேட்கவில்லை. "டெம்போ பெருசா சின்னதா?" "குடிச்சிருந்தானா?" "தாடி வச்சிருந்தானா?" என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். தெரியவில்லை என்று சொன்னால் ஏமாந்துபோனார்கள். ஆமாம் என்றால் மாரில் அடித்துக்கொண்டு கூட அழுதார்கள்.

அந்தக் குடியிருப்பில் எந்தச் சாவென்றாலும் ஒப்பாரிக்கு லீலாதான் தலைமை. வட ஆற்காட்டு முறைப்படி லீலா கேள்வியாகக் கேட்டு இழுப்பாள், விசாலம் பதிலாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

எமன் ஏறி வந்த வண்டி எதிர வந்து மோதயில
எமன் மொகத்த பாத்தியாடி என்னோட பொறந்தவளே?

கேள்வி இப்படி வந்தால் இல்லை என்று பாட முடியாது. இல்லை என்றால் பாட்டு அங்கேயே அறுந்துபோகும்.

பாத்தனம்மா பாத்தனம்மா பாவி மொகம் பாத்தனம்மா

என்று பாடினாள் விசாலம். அன்றைக்கு அந்த இடத்தில் முகம் எதுவும் இல்லை. பாட்டுக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்ததுபோல அந்த இடம் காலியாக இருந்தது. அந்த விடியலில் அவள் கிட்டத்தில் பார்த்த முகம் ஒன்றே ஒன்று. அது வந்து உட்கார்ந்துகொண்டது. போலீஸ் வந்து விசாரித்தபோது காசிம் அங்கேயே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

அரிசியை அப்படியே மூடி வைத்துவிட்டு விசாலம் லீலா வீட்டுக்குப் போனாள். லீலா ஓட்டலுக்குக் கொடுக்க முறம் நிறைய பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நகக்கண் எல்லாம் வெந்து வெள்ளையாக இருந்தது.

"அன்னிக்கு மொதல்ல எங்கிட்ட வந்தது நீதான?" என்றாள் விசாலம்.

"என்னிக்கு?"

"அவுரு போன அன்னிக்கு. ஆஸ்பத்திரிக்கு."

"ஆமா. செருப்புகூட இல்லாம ஓடியாந்தேன். இன்னாத்துக்கு இப்ப?"

"அப்ப நான் உங்கிட்ட இன்னா சொன்னேன்?"

லீலா ஒரு பல்லை உரித்து முறத்தில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். உரிக்கவில்லை.

"வண்டி நிக்காம பூட்ச்சி லீலா, நிக்காம பூட்ச்சின்னு அதையே சொல்லினு இருந்த. பின்னால தார்ப்பாயி பறந்துது, அவ்ளோதான் பாத்தேன்ன."

"காசிம் பாய்?"

"பாயி அங்கதான் செவுத்தோரமா நின்னுனு இருந்தாரு. சட்டயெல்லாம் ரத்தம். உனக்கு டீ வாங்கியாந்து குடுத்தாரு. நீ குடிக்கல. நாந்தான் குடிச்சேன்."

விசாலம் தரையில் உட்கார்ந்தாள்.

"இத்த நீ ஏண்டி யார்கிட்டயும் சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? மொதல்ல ஒண்ணு சொன்ன, பத்து நாள் களிச்சி ஒண்ணு சொன்ன. மொதல்ல மயக்கத்துல சொல்லியிருப்ப, போகப் போகத்தான் தெளிஞ்சி ஞாபகம் வந்துதுன்னு நெனச்சேன். நீயும் அப்டி அடிச்சிச் சொன்ன. கட்டவெரல்ல கட்டு வரைக்கும் சொன்ன. பொய் சொல்றவ கட்டவெரல சொல்லுவாளா?"

"நீதானடி பாட்டுல கேட்ட, மொகத்த பாத்தியான்னு."

"தா!" லீலா முறத்தைத் தள்ளினாள். "நான் எல்லா சாவுக்கும்தான் அத்தக் கேக்கறேன். மாரடைப்புல செத்தவனுக்கும் எமன் மொகத்த பாத்தியான்னுதான் கேக்கறேன். எவளாவது போலீஸ்ல போயி எமன் பேர எழுதிக் குடுத்தாளா? எந்தலையில கட்டாத."

 லீலா பாதிப் பூண்டை அவள் பக்கம் தள்ளினாள். விசாலம் உரித்தாள். பழக்கதோசம்.

மகன் சபரியிடம் சொன்னதுதான் மோசமாகப் போயிற்று. மொபைல் கடையில் வேலை செய்கிறவன். அப்பா போனபோது ரெண்டாங்கிளாஸ். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத்தான் வளர்ந்தான். குழாயடியில் காசிம் வீட்டுக் குடத்தை எட்டி உதைத்து அடி வாங்கியதுகூட உண்டு.

"மத்லப், இவ்ளோ நாள் ஜூட் சொன்னியா?" என்றான் பாதி இந்தியில், தட்டில் கையை வைத்துக்கொண்டு.

"பொய் இல்லடா. பொய் சொல்லியிருந்தா பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமில்ல?"

"ஃபிர்? சச்சும் இல்ல, ஜூட்டும் இல்ல. என்னாம்மா அது?"

"கண்ணுல அப்டித்தாண்டா தெரிஞ்சுது. இப்பவும் அப்டித்தான் தெரியுது. ஆனா அது அப்டி இல்ல."

சபரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "எங்கப்பாவ அடிச்சவன்னு எனக்கு ஒரு ஆளு இருந்தான். அவனத் திட்டித் திட்டித் தூங்குவேன். இப்ப அதுவும் இல்லன்ற. போ, போயி சொல்லிட்டு வா. எங்கிட்ட வந்து அழுவாத."

ஞாயிற்றுக்கிழமை விசாலம் வண்டி தள்ளப் போகவில்லை. காலையிலிருந்து சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். வண்டி நிக்கல. தார்ப்பாய் பறந்துது. காசிம் பாய் பின்னால வந்தாரு. தூக்கினாரு. நாலே வார்த்தை. பிள்ளைகூடச் சொல்லும்.

ஜொஹ்ரா வீட்டில் ஒன்றுக்கு மூன்று விசிறி இரவல் வாங்கி வைத்திருந்தார்கள், அந்தக் குளிரில். மாப்பிள்ளையின் அப்பா ஜாபர் சாதிக் பிம்ப்ரியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருப்பவர். கூட அவர் வீட்டம்மாவும் ஒரு மச்சானும். ஃபரீன் திரைக்குப் பின்னால் இருந்தாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. காசிம் உள்ளே இல்லை. லைசென்ஸ் போன பிறகு மார்க்கெட் யார்டில் மூட்டை தூக்குகிற ஹமால் அவன். காலை லோடு இறக்கிவிட்டு வந்து, வெளியே குழாயடிக் கல்லில் உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணும் பயப்படாதீங்கம்மா" என்றார் ஜாபர் சாதிக். "யாரையும் குத்தம் சொல்ல வரல. பொண்ணு குடுக்கல் வாங்கல். மனசுல ஒரு முள்ளு இருக்கக் கூடாது. அன்னிக்கு என்னா நடந்துதுன்னு மட்டும் சொல்லுங்க."

எப்படி ஆச்சு என்று கேட்டுவிட்டார். விசாலம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழுது விடியல. ஒரே பனி" என்று ஆரம்பித்தாள்.

அங்கேதான் தப்பு. நாலு வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டியவள், பழக்கப்பட்ட இடத்தில் காலை வைத்துவிட்டாள். அவுரு வண்டியத் தள்ளினு முன்னால போறாரு. தானாக வந்தது. மாப்பிள்ளையின் அம்மா உச்சுக் கொட்டினாள். வேகமா வாடி, சூடு ஆறுது. அந்தம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் விசாலத்துக்கும் வந்தது. வாய் இறக்கத்தில் உருளும் வண்டியைப்போலப் போனது. ஒரே அடி. வண்டி ஒரு பக்கம், இட்லி ஒரு பக்கம். டெம்போக்காரன் தலய நீட்டிப் பாத்தான். நானும் மொகத்த பாத்தேன், கட்டவெரலுக்கு மஞ்ச வச்சி…

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

"இல்ல" என்றாள் விசாலம். "இல்ல, அது இல்ல. பாய் அடிக்கல. வேற வண்டி. தார்ப்பாயி… பின்னால இருந்துதான் பாத்தேன். கை வந்து… தலைக்கு அடியில… லீலாவ கேளுங்க. லீலாவுக்குத் தெரியும். பாய் தூக்கினாரு. மொதல்ல சொன்னது வாய் தவறிச் சொன்னது."

வார்த்தை ஒவ்வொன்றாகக் கல்லில் இடறிக்கொண்டு வந்தது. ஒன்றுக்குப் பின் எது என்று அவளுக்கே தெரியவில்லை. மச்சான்காரர் செருப்பைத் தேடினார்.

ஜாபர் சாதிக் தாடியைத் தடவினார். அவர் கெட்டவரில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"மொதல்ல சொன்னீங்களே, அது உங்க நெஞ்சுல இருந்து வந்துதும்மா. எங்க வீட்டுல அழுதுட்டா பாருங்க. ரெண்டாவது சொன்னது நீங்க யோசிச்சி யோசிச்சி சொல்றீங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கைன்னு நெனச்சி சொல்றீங்க. பெரிய மனசு உங்களுக்கு. ஆனா யாரு உண்மைய சொல்றா, யாரு கட்டிச் சொல்றான்னு கடையில உக்காந்து உக்காந்து எனக்குத் தெரியும்."

"கட்டிச் சொல்லலங்க. மொதல்ல சொன்னதுதாங்க கட்டினது."

"புரியுதும்மா" என்றார் அவர், புரியாமல்.

யாரும் பிரியாணியில் கை வைக்கவில்லை. வந்தவர்கள் போன பிறகு ஜொஹ்ரா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். இரவல் விசிறிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "பக்கத்து வூட்டுக்குக் குடுக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

விசாலம் வெளியே வந்தாள். காசிம் குழாயடிக் கல்லில் அப்படியே இருந்தான். தாடி முழுக்க நரைத்து, மூட்டை தாங்கிய பிடரி மாட்டுக் கழுத்துபோலத் தடித்திருந்தது. பக்கத்தில் போனதும் வெங்காய வாசனை வந்தது. அதே வாசனை. அவள் கால் தானாக ஓரடி பின்வாங்கியது. இத்தனை தெரிந்த பிறகும் பின்வாங்கியது.

"பாய்" என்றாள்.

"கேட்டுதுக்கா. ஒரு தகடுதான நடுவுல." அவன் அவளைப் பார்க்கவில்லை. எதிரே மதிலைப் பார்த்துப் பேசினான். "விடு. உள்ள இருந்தப்ப கூட இருந்தவனுங்க கேப்பானுங்க, எப்டி அடிச்ச, எப்டி அடிச்சன்னு. அடிக்கலன்னு சொல்லிப் பாத்தேன். எல்லாரும் அத்தத்தான் சொல்றோம், போடான்னு சிரிச்சானுங்க. சலிச்சிப் போயி அப்புறம் நானே சொல்ல ஆரமிச்சேன். பனி, ஆள் தெரியல, பிரேக்கு புடிக்கலன்னு. சொன்னா விட்டுடுவானுங்க. தெனம் சொன்னேன். வெளிய வந்தப்புறமும் மார்க்கெட் யார்டுல எவனாவது கேட்டா அத்தையே சொல்லிடறது. சொல்லச் சொல்ல, இப்ப கண்ண மூடினா பிரேக்கு மிதிக்கறதும் அது புடிக்காததும் எங்காலுக்கே தெரியுதுக்கா."

அவன் வலது காலை ஒருமுறை தரையில் அழுத்திப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணுதான். அன்னிக்கு ரோட்டுல இருந்தது மூணு பேரு. ஒருத்தரு பூட்டாரு. மிச்சம் நீயும் நானும். என்ன நான் நம்ப முடியல. நீ சொல்லு. நான் அடிச்சனா?"

முதல் தரமாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

இல்லை என்று சொல்ல வேண்டும். அது விசாலத்துக்குத் தெரியும். லீலா சொன்னது தெரியும், மஞ்சள் துணி தெரியும். ஆனால் கேள்வி வந்ததும் கண்ணுக்குள் பனி இறங்கியது. டெம்போ வந்தது. உள்ளேயிருந்து தலையை நீட்டிக்கொண்டு இதே முகம், அப்போதைய கறுப்புத் தாடியோடு, அச்சு அசலாகப் பார்த்தது. தெரிந்துகொண்டதால் அது அழியவில்லை. வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. சற்றுமுன் வீட்டுக்குள்ளே, வந்தவர்கள் எதிரில் ஒருமுறை நம்பித் திறந்தாயிற்று.

குழாயில் காற்று உறுமியது. தண்ணீர் வரப்போகிறது என்று சந்து சந்தாகக் குடங்கள் ஓடிவந்தன. எவளோ "தள்ளுங்க பாய்" என்றாள். காசிம் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்குள் குனிந்து போனான்.

மறுநாள் காலையிலும் விசாலம் பாலத்து இறக்கத்தில்தான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். கை முழங்கை வரைக்கும் வலித்தது. நடுப்பாலத்தில் யாருமில்லாதபோது, "நீ அடிக்கல பாய், நீதான் தூக்கின" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அங்கே பிசிறில்லாமல் வந்தது. காசிம் வாசலைத் தாண்டும்போது வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஃபரீனுக்குப் பிறகு வேறு இடமும் வரவில்லை.

காசிம் கேட்ட கேள்விக்கு 'இல்லை' என்று ஒரு பதிலும், முனிரத்தினத்தை அன்றைக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டியதற்கு ஒரு நன்றியும் விசாலம் அவனுக்குத் தர வேண்டும். இரண்டும் இன்னும் பாக்கி.